முதலில் ஏறும் வழியைப் பாருங்கள்: கரையிலிருந்து டைவ் செய்ய இடம் பார்ப்பது

படகில் போய் ஸ்கூபா டைவ் செய்யும்போது பல முடிவுகளை நமக்காக வேறு யாரோ எடுத்துவிடுகிறார்கள். எந்த இடம், எந்த நேரம், நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே இறக்கிவிட்டு எங்கே ஏற்றிக்கொள்வது எல்லாம் படகோட்டியும் டைவ் மாஸ்டரும் பார்த்துக்கொள்வார்கள். கரையிலிருந்து நாமாக நடந்து இறங்கும்போது அத்தனையும் நம் பொறுப்பு. எனக்குக் கரை டைவிங் இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணமே அந்தப் பொறுப்புதான். யாருடைய நேரத்துக்கும் ஓட வேண்டாம். ஒரே ஒரு பாறையைச் சுற்றி ஒரு மணி நேரம் இருந்தாலும் கேட்க ஆளில்லை. ஆனால் இடம் பார்க்கத் தெரியாமல் இந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

புதிதாக ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் பயிற்சி முடித்தவர்கள் ஓர் இடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அங்க என்னல்லாம் பார்க்கலாம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "எந்த வழியா வெளிய வருவீங்க?"

கரையில் நின்று பார்த்தால் எல்லா இடமும் இறங்கக்கூடிய இடமாகத்தான் தெரியும். பாறை விளிம்பிலிருந்து ஓர் எட்டு வைத்தால் தண்ணீர். படகுத்துறைச் சுவரிலிருந்தும் அப்படியே. குதித்த வழியே திரும்ப ஏறத்தான் முடியாது. திரும்பி வரும்போது உடம்பு களைத்திருக்கும், விரல்கள் குளிரில் மரத்திருக்கும், டேங்கில் காற்று குறைந்திருக்கும். அலை பின்னாலிருந்து வருவதால் கண்ணுக்குத் தெரியாது. நீருக்குள் எடையே தெரியாமல் இருந்த டேங்கும் வெயிட் பெல்ட்டும், காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் பிசிடி சட்டையும் முழங்காலளவுத் தண்ணீரில் எழுந்து நிற்கும்போது இருபது கிலோவுக்கு மேல் மொத்தமாக உடம்பில் இறங்கும். அந்த நிலையில் எந்த வழியாக ஏற முடியும் என்று முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போட வேண்டும்.

கடலின் ஏற்ற வற்றத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஏற்றத்தில் நீர்மட்டத்துக்குச் சமமாக இருந்த பாறைத் திட்டு, வற்றியபின் தலைக்கு மேல் நிற்கும். பக்கவாட்டில் வழுக்கும் பாசி, கையைக் கிழிக்கும் சிப்பி. படகுத்துறை ஏணியின் கடைசிப் படி நீருக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். ஏறுவதற்கு இரண்டு வழி இல்லாத இடத்தை நான் டைவ் தளமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அந்த இரண்டாவது வழி, நீரோட்டம் நம்மைத் தள்ளும் பக்கத்தில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் அது தேவைப்படும் நேரத்தில் அங்கே போய்ச் சேர முடியாது.

மணற்கரை என்றாலே சுலபம் என்றும் சொல்லிவிட முடியாது. மெல்லச் சரியும் கரையில் அலை தூரத்திலேயே உடைந்து நுரையாகப் பரவி வரும். நடக்க வேண்டிய தூரம் அதிகம், ஆனால் அடி பலமாக இருக்காது. சட்டென்று ஆழமாகும் கரையில் அலை கடைசிவரை உயரம் குறையாமல் வந்து காலடியில் மொத்தமாக விழும். காலில் மாட்டிய துடுப்பான ஃபின்னைக் கழற்றக் குனிந்த நேரத்தில் ஆளைப் புரட்டிவிடும். உருண்டைக் கற்கள் நிறைந்த கரை இன்னொரு வகை. பாலித் தீவின் துலாம்பென்னில் இருக்கும் லிபர்டி கப்பல் சிதைவு உலகப் புகழ் பெற்ற கரை டைவ். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கிய அந்த அமெரிக்கச் சரக்குக் கப்பலை இழுத்து வந்து கரையேற்றினார்கள். 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது அது நகர்ந்து நீருக்குள் சரிந்தது. கரையிலிருந்து சில நிமிடம் நீந்தினால் ஒரு முழுக் கப்பல்! ஆனால் அதற்கு முன், முதுகில் டேங்கோடு, கால் வைத்தால் உருளும் வழவழப்பான கற்களைத் தாண்ட வேண்டும். கெட்டியான அடி உள்ள பூட்ஸ் அங்கே கேமராவைவிட முக்கியம்.

சரி, அலைக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான்.

தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடையும். அப்படியானால் ஒரு மீட்டர் அலை 1.3 மீட்டர் ஆழத்தில், அதாவது நெஞ்சளவுத் தண்ணீரில் உடையும். பலர் நின்று ஃபின் மாட்டுவதும், மாஸ்க்கைச் சரிசெய்வதும், ஜோடியாக வருபவரைத் திரும்பிப் பார்ப்பதும் சரியாக அந்த ஆழத்தில்தான். ஆகவே அந்தப் பட்டையில் நிற்கவே கூடாது. மாஸ்க் முகத்தில், டேங்கின் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் வாயில், பிசிடியில் கொஞ்சம் காற்று என்று எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துக்கொண்டு அதைக் கடந்துவிட வேண்டும். திரும்பும்போதும் அப்படித்தான், கரையேறும் வரை ரெகுலேட்டரை எடுக்க வேண்டாம். எழுந்து நடக்க முடியாவிட்டால் கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து வருவதில் எந்தக் குறையும் இல்லை. நான் பல இடங்களில் அப்படித்தான் வெளியேறுகிறேன்.

வானிலைச் செயலியில் "அலை உயரம் 1 மீட்டர்" என்று பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புபவர்கள் உண்டு. அந்த எண், வரும் அலைகளில் பெரிதான மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. நடுவில் அதைப் போல் இருமடங்கு உயரத்தில் ஓர் அலை வருவது இயல்பான விஷயம். அந்த எண்ணுக்கு முன்னால் நான் பார்ப்பது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை நொடி இடைவெளி என்பதை. 8 நொடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர் நீளம். 14 நொடி என்றால் 300 மீட்டருக்குச் சற்று மேல். அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதியளவு ஆழம் வரை எட்டும் என்பதால், நீண்ட இடைவெளியில் வரும் ஸ்வெல் என்ற நெடிய அலை அடிவரை தண்ணீரை ஆட்டும். மேற்பரப்பு பளபளவென்று அமைதியாக இருக்கும். கீழே 10 மீட்டரில் நாம் முன்னும் பின்னும் இழுபட்டுக்கொண்டு, கிளம்பிய மணலில் கையளவு தூரம்கூடத் தெரியாமல் இருப்போம். ஒரே உயரம், வேறு இடைவெளி: கிடைப்பது முற்றிலும் வேறு டைவ்.

போய்ச் சேர்ந்ததும் உடை மாற்றாமல் இருபது நிமிடம் கரையில் உட்கார்ந்து பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அடங்கியிருந்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியவர்களாவோம். அப்புறம், வரிசையாக அலை உடையும் கரையில் ஓரிடத்தில் மட்டும் உடையாமல் தண்ணீர் சற்றுக் கலங்கலாக, நுரை வெளிப்பக்கம் நகர்வதுபோல் தெரிந்தால், இறங்க எளிதான வாசல் என்று நினைத்துவிடாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்ப ஓடும் இழுவை நீரோட்டம் அது. அதை அறிந்தே வெளியே போகப் பயன்படுத்தும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். திரும்பி வர அது வழியாகாது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது ஓர் இடத்தின் தலையெழுத்தையே தீர்மானிக்கும். கரீபியனில் உள்ள பொனேர் தீவைக் கரை டைவிங்கின் தலைநகர் என்றே சொல்வார்கள். சாலையோரம் மஞ்சள் வண்ணம் அடித்த கற்களில் தளத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி இறங்க வேண்டியதுதான். 1979-இல் தொடங்கிய கடல் பூங்கா தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரை பாதுகாக்கிறது. இதெல்லாம் சரி, ஆனால் அங்கே இத்தனை தளங்கள் இருப்பதற்கு அடிப்படைக் காரணம் காற்றுதான். காற்று ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வீச, மேற்குக் கரை தீவின் மறைவில் அமைதியாகக் கிடக்கிறது. அதே தீவின் கிழக்குக் கரையில் அலை முட்டி மோதும். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கரையிலும் இதைத்தான் தேட வேண்டும்: இன்றைய காற்றுக்கு மறைவான பக்கம் எது? முனை, வளைகுடா, அலைதடுப்புச் சுவர், தீவு என்று ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறதா?

கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அது அலையை அமுக்கி நீரைக் கண்ணாடிபோல் ஆக்கிவிடும். பார்த்தால் இறங்கத் தோன்றும். ஆனால் மேற்பரப்பில் நீந்தித் திரும்புபவரை அந்தக் காற்று வெளியே தள்ளும். கரையிலிருந்து விலக விலகத் தள்ளும் வேகமும் கூடும். அப்படிப்பட்ட நாளில் நான் அடிவழியாகவே கரைக்குத் திரும்பும்படி டேங்கில் காற்றை மிச்சம் வைத்துக்கொள்வேன்.

நீரோட்டத்துக்கு ஒரு கணக்கு சொல்லலாம். ஒரு நாட் என்றால் நொடிக்கு சுமார் அரை மீட்டர், நிமிடத்துக்கு 30 மீட்டர். முழுக் கருவியோடு அதை எதிர்த்து நீந்தினால் சில நிமிடங்களில் மூச்சு வாங்கும். பெரும்பாலான கடற்கரைகளில் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தைப் பன்னிரண்டு பங்காகக் கணக்கிடுவது மாலுமிகளின் பழைய வழி: முதல் மணியில் ஒரு பங்கு நீர் நகரும், இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. அதாவது நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் நகர்ந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். பாதி நிலா நாள்களில் குறைவு. குறுகலான முகத்துவாரம், பாலத்தடி போன்ற இடங்களில் நீர் நிற்கும் அந்தச் சிறிய இடைவேளைக்குத்தான் டைவைத் திட்டமிட வேண்டும். அந்த இடைவேளை, அட்டவணையில் போட்டிருக்கும் ஏற்ற நேரத்துக்குச் சற்று முன்னோ பின்னோ வரலாம். போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபுளோரிடாவின் புளூ ஹெரன் பாலம் இதற்கு நல்ல உதாரணம். பாலத்தடியில் சில மீட்டர் ஆழம்தான். பவளச்சுவர் கிடையாது. ஆனால் கடற்குதிரை, ஆக்டோபஸ், தவளை மீன் என்று சிறு உயிர்களைத் தேடிப் படமெடுப்பவர்கள் எங்கிருந்தெல்லாமோ அங்கே வருகிறார்கள். வருபவர்கள் எல்லாரும் பார்ப்பது உச்ச ஏற்றத்தின் நேரத்தை. ஏற்றம் கடலிலிருந்து தெளிந்த நீரைக் கொண்டுவரும், உச்சத்தை ஒட்டி நீரோட்டமும் ஓயும். இரண்டு மணி நேரம் தள்ளிப் போனால் அதே இடத்தில் கலங்கலும் இழுப்பும்தான். டைவ் தளம் என்பதில் நேரமும் அடக்கம் என்று நான் சொல்வது இதனால்தான். வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுத்தால் பாதித் தகவல்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

வரைபடம் என்றதும் ஒன்று. செயற்கைக்கோள் படத்தில் கரையோரத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்குப் பெரிய இன்பம். இருண்ட திட்டுகள் பாறையாகவோ கடற்புல்லாகவோ இருக்கலாம், வெளிர்ந்த பகுதி மணல். பழைய படங்களையும் பார்க்க முடிந்தால், எந்தப் பருவத்தில் அலை எங்கே உடைகிறது, ஆற்றுக் கலங்கல் எதுவரை பரவுகிறது என்பதெல்லாம் தெரியும். கப்பல் வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழம் மிகத் தாழ்ந்த வற்று நிலையிலிருந்து அளந்தது; நாம் போகும்போது பெரும்பாலும் அதைவிட ஆழமாக இருக்கும். ஆழக் கோடுகள் கரைக்கு எவ்வளவு அருகில் வருகின்றன என்று பாருங்கள். 10 மீட்டர் கோடு 60 மீட்டர் தூரத்தில் இருந்தால் அற்புதம். 400 மீட்டர் தூரத்தில் இருந்தால், நீந்தவே காற்றும் கால்பலமும் போய்விடும்.

இதைக் கணக்காகவே போடலாம். 12 லிட்டர் டேங்க், 200 பார் அழுத்தம் என்றால் 2400 லிட்டர் காற்று. 50 பார் கையிருப்பை ஒதுக்கினால் 1800. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவர், அழுத்தம் இருமடங்காகும் 10 மீட்டரில் 40 லிட்டர் வாங்குவார். 45 நிமிடம் கிடைக்கும். பார்க்க வேண்டிய பாறை 150 மீட்டர் தள்ளி இருக்கிறது, நிதானமாக நிமிடத்துக்கு 15 மீட்டர் நீந்துகிறோம் என்றால் போக 10, வர 10. பாறையோடு இருக்க மீதி 25 நிமிடம். இவ்வளவுக்காக அந்த இடம் தகுமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்யலாம். பேடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி முதல் டைவில் 18 மீட்டரில் 56 நிமிடமும் 12 மீட்டரில் 147 நிமிடமும், மேலேறும்போது இடையில் நின்று வரும் கட்டாயம் இல்லாமல் இருக்கலாம் என்பதால், ஆழம் குறைந்த கரை டைவில் நம்மை மேலே அனுப்புவது பெரும்பாலும் காற்றும் குளிரும்தான். ஆழம் குறைவு என்பதற்காக மிதப்பு சுலபமாகிவிடாது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது பிசிடியில் உள்ள காற்றின் கனஅளவு இருமடங்காகிறது. 3 மீட்டரில் நிதானமாக மிதக்கத் தெரிந்தவர் எங்கும் மிதப்பார்.

கரைக்கு அருகில் ஆழம் கிடைப்பது நல்லது என்று சொன்னேன். அதற்கு ஓர் எல்லை உண்டு. எகிப்தின் தாஹாப் அருகே உள்ள புளூ ஹோல் கரையிலிருந்து சில எட்டுகளில் இறங்கக்கூடியது. அதன் பக்கச் சுவரில் திறந்த கடலுக்குப் போகும் வளைவு, 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையான 40 மீட்டரைத் தாண்டி அந்த வளைவைத் தேடிப் போய்ப் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். கரையில் அவர்களுக்கான நினைவுக்கற்கள் இருக்கின்றன. அடி தெரியாத சுவர் பக்கத்திலேயே இருக்கும் தளத்தைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. 12 அல்லது 15 மீட்டரில் மணல்தரை வந்து நிற்கும் இடமாகப் பார்த்துத்தான் சொல்வேன்.

ஏரியும் நீர் நிறைந்த கல்குவாரியும் அலையில்லாத நாள்களில் கைகொடுக்கும். நன்னீரில் மிதப்பு குறைவு என்பதால் இரண்டு மூன்று கிலோ எடையைக் குறைக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும் நீர்நிலை என்றால் உயரத்துக்கான கணக்கில் டைவ் செய்ய வேண்டும். அடியில் சேறு என்றால் ஃபின்னைக் கீழே அடிக்காமல் தவளைபோல் பக்கவாட்டில் உதைக்க வேண்டும்.

ஒரு வகை இடத்தை மட்டும் நான் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தொடுவதில்லை: அணை, மதகு, மின்நிலையம் அல்லது ஆலைக்கு நீரை உறிஞ்சும் குழாய் இருக்கும் பகுதி. இரண்டு பக்கமும் நீர்மட்டம் வேறாக இருக்கும் இடத்தில் உறிஞ்சும் விசை கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது விலக முடியாது. கடற்கரையில் கட்டுமானம் எதைப் பார்த்தாலும் அது என்ன வேலை செய்கிறது என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள். பெருமழைக்குப் பின் கழிவுநீர் ஓடையும் ஆற்று வாயும் இருக்கும் பக்கத்தை மூன்று நாளாவது விட்டுவிடுவது நல்லது. பார்வை கெடுவதைவிடக் கிருமிதான் கவலை.

இப்போது "என்ன பார்க்கலாம்" என்ற கேள்விக்கு வரலாம். பவளம் இல்லாத கரையில் ஒன்றுமே இல்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மணல் முடிந்து பாறை தொடங்கும் விளிம்பு, கடற்புல் படுகையின் ஓரம், படகுத்துறைத் தூண்கள், இப்படி ஒன்று இன்னொன்றாக மாறும் இடங்களில் உயிர்கள் குவியும். ஒளிய இடம் ஒரு பக்கம், இரை மறுபக்கம். வெறும் மணலிலும் திருக்கை புதைந்திருக்கும். அதனால்தான் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கச் சொல்கிறோம். பகலில் வெறிச்சென்று இருந்த அதே தூண்களில் இரவு விளக்கோடு போனால் நண்டும் இறாலும் வெளியே வந்திருக்கும். ஆனால் இரவு டைவுக்குப் பகலில் நன்றாகப் பழகிய தளத்தைத் தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தூண்களும் அலைதடுப்புக் கற்களும் இருக்கும் இடத்தில் தூண்டில் போடுபவர்களும் இருப்பார்கள். அறுந்த தூண்டில் நரம்பு நீருக்குள் கண்ணுக்கே தெரியாது. ஒரு வெட்டுக்கருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மேலே இருப்பவர்களிடம் போய், எங்கே இறங்கப் போகிறோம், எவ்வளவு நேரம் இருப்போம் என்று சொல்லிவிடுவதை ஒரு மரியாதையாகவே நான் கடைப்பிடிக்கிறேன். பதிலுக்கு அவர்கள் தரும் தகவல் எந்தச் செயலியிலும் கிடைக்காது. நீர் எப்போது தெளியும், வலை எங்கே கிடக்கிறது, படகு எந்த வழியாக வரும் என்று அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள்தான். படகுப் போக்குவரத்து உள்ள இடம் என்றால் டைவர் கொடியும் மேலேறும்போது அனுப்பும் மிதவையும் கட்டாயம். துறைமுக எல்லை, கடல் பூங்கா, பாதுகாக்கப்பட்ட கப்பல் சிதைவு போன்றவற்றில் அனுமதி வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, டைவர்கள் அதிகம் யோசிக்காதது: அந்தக் கரைக்கு ஆம்புலன்ஸ் வருமா? கைபேசிக்கு அங்கே சிக்னல் இருக்கிறதா? ஐந்நூறு படி இறங்கிப் போகும் ஒதுக்குப்புறக் கடற்கரை அழகாகத்தான் இருக்கும். நினைவில்லாமல் கிடக்கும் ஒருவரை அந்தப் படிகளில் எப்படித் தூக்குவது என்று யோசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆக்சிஜன் வண்டியில் இருக்க வேண்டும், இடத்தை அடையாளம் சொல்லத் தெரிந்த ஒருவர் கரையில் இருக்க வேண்டும்.

புதிய தளத்தில் முதல் நாளே டேங்கோடு இறங்குவதை நான் விட்டுவிட்டேன். நல்ல வற்றத்தின்போது வெறுங்கையோடு நடந்து பார்ப்பேன். எங்கே குழி, எங்கே கடல் முள்ளெலி அடைந்த பாறை, எந்தப் பள்ளத்தின் வழியாக மணலுக்கு இறங்கலாம் என்று எல்லாம் அப்போது வெளியே தெரியும். பிறகு அதே இடத்தில் மாஸ்க்கும் ஃபின்னும் மட்டும் போட்டுக்கொண்டு ஸ்நார்க்கலில் ஒரு சுற்று. காம்பஸில் கரைக்குத் திரும்பும் திசை, தூரத்திலிருந்தே தெரியும் இரண்டு அடையாளங்கள், ஏறும் இரண்டு வழிகள், இவை கையில் வந்த பிறகுதான் டைவ்.

என் குறிப்பேட்டில் தளங்களைப் பெயர் வரிசையில் எழுதுவதில்லை. எந்தத் திசைக் காற்றுக்கு எது மறைவு, எந்த ஏற்றத்துக்கு எது தெளிவு என்ற வரிசையில் எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் எதிர்த்திசை பார்த்த இரண்டு தளங்களையாவது மனதில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவேன். முதல் இடத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சரியில்லை என்று பட்டால் கருவிகளை இறக்காமலே இரண்டாவது இடத்துக்கு. ஜோடியாக வருபவர் அங்கேயும் "இன்னைக்கு வேணாமே" என்றால் காரணம் கேட்பதில்லை, வண்டியைத் திருப்பிவிடுவோம். அன்றைக்குப் பார்த்த காற்று, அலையின் இடைவெளி, ஏற்ற நேரம் மூன்றையும் அதே குறிப்பேட்டில் அந்தந்தத் தளத்தின் பெயருக்குக் கீழே எழுதி வைத்துவிடுவேன். இறங்காத நாளின் குறிப்பையும் அடுத்த முறை இடம் பார்க்கும்போது எடுத்துப் பார்க்கிறேன்.